நாகேஷ் ஏன் கதாநாயகனாக நீடிக்கவில்லை?

திண்ணைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகேஷ் நடித்த 1960களின் படங்களை அண்மையில் வரிசையாகப் பார்த்தபோது எழுந்த ஐயம் ஒன்றை இங்கே முன்வைக்கிறேன். ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’ ஆகிய இரண்டும் 1964இல் வந்தன. அடுத்த ஆண்டில் ‘நீர்க்குமிழி’யும் ‘திருவிளையாடல்’ படமும், 1967இல் இரட்டை வேடத்தில் ‘அனுபவி ராஜா அனுபவி’, 1968இல் ‘எதிர்நீச்சல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ என ஐந்தே ஆண்டுகளில் அவர் தொட்ட உயரத்தை வேறொரு நகைச்சுவை நடிகரிடம் நான் கண்டதில்லை. இவற்றுள் நான்கு படங்களில் கதையே அவரைச் சுற்றித்தான் நடக்கிறது. நாயகனுக்கு நண்பனாக வந்து இரண்டு ரீலுக்கு ஒருமுறை சிரிக்கவைத்துவிட்டுப் போகும் வேலை அங்கே அவருக்கு இல்லை.

அப்படியிருக்க, 1970களில் அவர் ஏன் மீண்டும் துணை வேடங்களுக்கே திரும்பினார்? முகத்தில் அம்மைத் தழும்பு, ஒல்லியான உடல், ஆகவே மக்கள் அவரை நாயகனாக ஏற்கவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதே முகத்தோடுதான் மேற்சொன்ன படங்களில் அவர் நம்மைக் கட்டிப்போட்டார். போதாக்குறைக்கு, அழகில்லாத ஒருவன் அன்புக்கு ஏங்குவதையே ‘சர்வர் சுந்தரம்’ தன் கதையாக வைத்துக்கொண்டிருக்கிறது. எனவே அந்த விடை எனக்குப் போதவில்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் வில்லனாகவும் ‘நம்மவர்’ படத்தில் மகளை இழந்த தந்தையாகவும் அவர் நடித்ததை, முதுமையில் வெளிப்பட்ட புதிய திறமை என்று பலரும் எழுதுகிறார்கள். அது உண்மையிலேயே புதியதா, தொடக்கம் முதலே அவரிடம் இருந்ததா? அந்தக் காலத்துப் படங்களை நன்கு அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பழைய கொட்டகை எழுதியது:

திண்ணைவாசி அவர்களுக்கு, உங்கள் முதல் கேள்விக்கான விடை அவருடைய முகத்தில் இல்லை; அந்த நான்கு படங்களும் எங்கிருந்து வந்தன என்பதில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

நாகேஷ் 1933இல் தாராபுரத்தை அடுத்த கொளிஞ்சிவாடியில், கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக்கு வந்து ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே அமெச்சூர் நாடகங்களில் நடித்தார். ஒரு நாடகத்தில் வயிற்று வலிக்காரனாகச் சில நிமிடங்களே மேடையில் வந்து, விழாவுக்குத் தலைமை தாங்கிய எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றது பலரும் அறிந்த செய்திதான். கவிஞர் வாலியும் அவரும் வாய்ப்புத் தேடி அலைந்த நாட்களில் ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர்கள் என்பதும் தெரிந்ததே. 1959இல் ‘தாமரைக்குளம்’ வந்த பிறகும் சில ஆண்டுகள் சிறு வேடங்களே அவருக்குக் கிடைத்தன.

அந்த நேரத்தில் தமிழ்த் திரையுலகம் நகைச்சுவையை எப்படிக் கையாண்டது என்பதைக் கவனிக்க வேண்டும். என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம் இணை ஏற்படுத்திய வழக்கப்படி, நகைச்சுவைப் பகுதி மூலக்கதையிலிருந்து ஏறத்தாழ விலகி நிற்கும் தனிக் கிளைக்கதையாகவே பெரும்பாலும் அமைந்தது. கலைவாணர் 1957இல் மறைந்த பின்னர் தங்கவேலுவும் சந்திரபாபுவும் அந்த இடத்தைத் தத்தம் வழியில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நாகேஷ் வந்தபோது அவருக்காகக் காத்திருந்ததும் அதே நாற்காலிதான். எம்.ஜி.ஆர், சிவாஜி, ஜெய்சங்கர், ரவிச்சந்திரன் என்று யார் நாயகனாக இருந்தாலும் படத்துக்கு ஒரு நாகேஷ் தேவைப்பட்டார். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களுக்குக் கால்ஷீட் கொடுத்து ஓடிக்கொண்டிருந்த நடிகரை, ஆண்டு முழுவதும் ஒரே படத்தின் நாயகனாக உட்காரவைக்கத் திரைத்தொழிலுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை.

அவரை நடுவில் நிறுத்திய கதைகள் திரையுலகத்துக்கு வெளியே பிறந்தவை. ஏ.ஜி. அலுவலகத்தில் (அரசின் தலைமைக் கணக்காயர் அலுவலகம்) வேலை பார்த்துக்கொண்டு மாலையில் நாடகம் போட்டுவந்த கே. பாலசந்தர்தான் அவரை நாயகனாகக் கண்டவர். ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘எதிர்நீச்சல்’ ஆகிய மூன்றும் முதலில் மேடை நாடகங்கள். சபா மேடையில் அழகான முகமோ சண்டைக்காட்சியோ தேவையில்லை. கடைசி வரிசையில் இருப்பவரையும் இரண்டரை மணி நேரம் பிடித்து வைத்திருக்கும் நடிகர் வேண்டும், அவ்வளவே. ‘சர்வர் சுந்தரம்’ படத்தை ஏவி.எம். தயாரிக்கக் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். மற்ற இரண்டையும் பாலசந்தரே இயக்கினார். இரட்டை வேடம் கொடுத்த ‘அனுபவி ராஜா அனுபவி’யை இயக்கியவரும் அவரே. ஆக, நீங்கள் சொன்ன நான்கு படங்களுக்கும் பின்னால் இருந்தது ஒரே மனிதருடைய கற்பனை. அந்தப் பாலசந்தர் 1970களில் ‘அரங்கேற்றம்’, ‘அவள் ஒரு தொடர்கதை’ என்று பெண்களை மையமாகக் கொண்ட கதைகளுக்கு நகர்ந்தார். நாகேஷுக்காக நாயக வேடம் எழுதும் பேனா வேறு பக்கம் திரும்பிவிட்டது, இன்னொரு பேனா முன்வரவில்லை என்பதே என் விடை.

இடையில் ஒன்று. ‘காதலிக்க நேரமில்லை’, ‘சர்வர் சுந்தரம்’, ‘அனுபவி ராஜா அனுபவி’ ஆகிய மூன்றும் இந்திக்குப் போனபோது, மூன்றிலும் நாகேஷின் வேடத்தை ஏற்றவர் மெஹமூத். இந்தியாவின் வேறொரு மூலையில் இருந்த முன்னணி நகைச்சுவை நடிகர் ஒருவர் தமக்கு உகந்த வேடங்களைத் தேடியபோது, அவை நாகேஷின் அளவுக்குத் தைக்கப்பட்டவையாக இருந்தன என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சிறு பெருமை உண்டு.

ஒப்பனை அறை எழுதியது:

பழைய கொட்டகை அவர்கள் சொன்ன வரலாறு சரியானதே. ஆயினும் எல்லாவற்றையும் எழுத்தாளர் தலையில் ஏற்றிவிட்டால் நடிகர் காணாமல் போய்விடுகிறார். சில ஆண்டுகள் மேடையில் சிறு வேடங்கள் போட்டவன் என்ற முறையில் நடிப்பின் பக்கமிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நாகேஷை எல்லோரும் வேகத்துக்காகப் புகழ்வார்கள். வார்த்தைகளைக் கொட்டும் வேகம், ரப்பர் போல வளையும் கைகால்கள், ஆட்டத்தில் அவர் காட்டும் துள்ளல் எல்லாம் உண்மைதான். எனக்கு அவரிடம் வியப்பளிப்பது வேறு: எதிரில் ஓர் ஆள் இருந்தால்தான் அவர் முழுமையாக எரிகிறார், ஆள் இல்லாத இடத்தில் ஓர் ஆளை அவரே உண்டாக்கிக்கொள்கிறார்.

‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் செல்லப்பா தன் தந்தை விஸ்வநாதனுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாகப் படமெடுக்கப் பணம் கேட்டு நச்சரிக்கும் மகன், வாயாலேயே பின்னணி இசையும் ஓசைகளும் சேர்த்துக் கதையை விரிக்கிறான், தந்தையாக வரும் பாலையா கேட்கிறார். அந்தக் காட்சியை ஒருமுறை நாகேஷை மட்டும் பார்த்தும், மறுமுறை பாலையாவை மட்டும் பார்த்தும் ஓட்டிப் பாருங்கள். சிரிப்பு வெடிப்பது பெரும்பாலும் பாலையாவின் முகத்தில்தான். நாகேஷ் ஓர் ஓசையை எழுப்பிவிட்டு, அது தந்தையின் முகத்தில் இறங்கும்வரை பொறுத்து, இறங்கியதும் அடுத்ததை எடுக்கிறார். தன் வேகத்தைக் காட்டிக்கொள்வதே நோக்கமாக இருந்திருந்தால் பாலையாவுக்கு அந்த இடைவெளியை அவர் விட்டிருக்கமாட்டார். சித்ராலயா கோபுவின் எழுத்தும் ஸ்ரீதரின் இயக்கமும் அதற்கு இடம் கொடுத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி, எதிரில் ஆள் இல்லாத காட்சிகளுக்கு வருவோம். ‘திருவிளையாடல்’ தருமி கோயிலுக்குள் தனியாகப் புலம்புகிறான். அது தனிமொழி அன்று. சொக்கனோடு அவன் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறான். பதில் சொல்லாத சிலையை ஒரு கூட்டாளியைப் போல உரிமையோடு திட்டுகிறான், உடனே கெஞ்சுகிறான், தானே சமாதானம் ஆகிறான். பத்து ஆண்டுகள் கழித்து 1975இல், ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் குடிப்பழக்கத்துக்கு ஆளான மருத்துவராக வருகிறார். அங்கே சுவரில் விழும் தன் நிழலோடு கோப்பையை முட்டிக்கொள்கிறார். இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே கை வேலை என்பது விளங்கும்.

திண்ணைவாசியின் முதல் கேள்விக்கு இதிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. அக்காலத்து நாயகன் தனியாகச் சட்டகத்தை நிறைத்து நிற்க வேண்டியவன். மற்றவர்கள் அவனைப் பார்க்க வேண்டும். நாகேஷோ எப்போதும் மற்றவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ‘எதிர்நீச்சல்’ மாது பல குடித்தனங்கள் உள்ள ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கீழே குடியிருந்துகொண்டு, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் தரும் சோற்றில் கல்லூரிப் படிப்பைத் தொடர்பவன். அவன் நாயகன்தான், ஆனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அந்தந்த வீட்டு முகத்துக்கு ஏற்பத் தன் குரலையும் கூனலையும் மாற்றிக்கொள்கிறவன். அப்படி ஒரு நாயகனைத் திரும்பத் திரும்ப எழுதுவது கடினம்.

சங்கப்பலகை எழுதியது:

தருமியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சிறு சேர்க்கை. குறுந்தொகையின் இரண்டாம் பாடலான ‘கொங்குதேர் வாழ்க்கை’யை இறையனார் பெயரில் படிக்கிறோம். அதைச் சுற்றி எழுந்த கதையைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் விரித்துச் சொல்கிறது. அங்கே தருமி, திருமணத்துக்குப் பொருள் வேண்டி இறைவனிடம் முறையிடும் ஓர் ஏழை இளைஞன். பாட்டைப் பெற்றுச் சங்கத்துக்கு எடுத்துச் சென்று, குற்றம் சொல்லப்பட்டதும் வருந்தித் திரும்புகிறான். நகைச்சுவைக்கு அதில் இடமே இல்லை. நக்கீரருக்கும் சிவனுக்கும் இடையே நடக்கப்போகும் பெரிய வழக்குக்கு அவன் ஒரு முன்னுரை மட்டுமே.

ஏ.பி. நாகராஜனின் வசனமும் நாகேஷின் நடிப்பும் சேர்ந்து அந்த முன்னுரையைத்தான் தமிழர் நினைவில் முதன்மையாக்கிவிட்டன. அரசவையில் தருமி பேரம் பேசும் இடத்தைக் கவனியுங்கள். பாட்டில் பிழை இருப்பதாக நக்கீரர் சொன்னதும், அவன் பாட்டுக்காக வாதாடவில்லை. எவ்வளவு பிழை இருக்கிறதோ அவ்வளவுக்குப் பரிசைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஆயிரம் பொற்காசுகள் முழுவதும் கை நழுவுவதைவிடக் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்ற அந்தக் கணக்கு சிரிப்பை வரவழைக்கிறது. ஆனால் அது பசித்தவனின் கணக்கு. இரவல் கவிதையோடு சபைக்குள் நுழைந்தபோது இருந்த மிடுக்கு, நக்கீரர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க முதுகிலிருந்து இறங்கி, கைகள் குவிந்து, கடைசியில் ஆள் பாதியாகிவிடுவதைப் பாருங்கள்.

சிவனாக நடித்த சிவாஜி தருமியின் காட்சிகளைப் பார்த்துவிட்டு, நாகேஷின் பகுதியில் எதையும் வெட்டக்கூடாது என்று இயக்குநரிடம் சொன்னதாகத் திரையுலகில் பல்லாண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அவற்றைப் பார்க்கும்போது அதை நம்பத்தான் தோன்றுகிறது. கோயிலில் கேள்வி கேட்கும் தருமி சோர்ந்தால் பதில் சொல்லும் சிவனும் சோர்ந்துவிடுவார் என்பது அந்த மேதைக்குத் தெரியாமலா இருக்கும்?

நேர்ப்பேச்சு எழுதியது:

மன்னிக்கவும், கொஞ்சம் மாற்றுக் குரலும் வேண்டும். நாம் ஏழெட்டு நல்ல படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறோம். அதே ஆண்டுகளில் நாகேஷ் நடித்த எத்தனையோ படங்களில், ஒரே மாதிரியான கீச்சுக்குரலும் தடுமாறி விழுதலும் காரணமில்லாத அலறலுமாக அவர் வந்து போயிருக்கிறார். படப்பிடிப்பிலிருந்து படப்பிடிப்புக்கு ஓடிய நடிகருக்கு யோசிக்க நேரமில்லை, எழுதியவர்களுக்கும் இருந்திருக்காது. மனோரமாவோடு அவர் சேர்ந்து நடித்த பகுதிகளில் சில இன்றும் புத்துணர்ச்சியோடு இருக்கின்றன, சிலவற்றை வேகமாக ஓட்டிவிட வேண்டியிருக்கிறது. 1970களில் சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று வேறு வகைச் சிரிப்பு வந்தபோது பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பியதற்கு இந்த அலுப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்து, நாயகனாக நீடிக்காததை ஓர் இழப்பாகவே ஏன் பார்க்க வேண்டும்? பின்னாளில் 2006இல் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ பெருவெற்றி பெற்றது. அதன் பிறகு வடிவேலு நாயகனாக நடித்த படங்களில் எதுவும் அந்த உயரத்தை எட்டவில்லை. அவரைப் பற்றிப் பேசும்போது நாம் நினைவுகூர்வது பெரும்பாலும் அவர் துணையாக வந்த காட்சிகளைத்தான். நகைச்சுவை நடிகருக்கு நாயக வேடம் என்பது பதவி உயர்வு என்ற நினைப்பே எனக்கு ஒவ்வாதது. ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சவடால் வைத்தி எத்தனை காட்சிகளில் வருகிறான்? சிவாஜியும் பத்மினியும் நிறைந்திருக்கும் படத்தில், பெரிய மனிதர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அந்த இழிந்த தரகன் வாயைத் திறந்தாலே நமக்குச் சிரிப்பும் அருவருப்பும் சேர்ந்து வருகின்றன. திண்ணைவாசியின் இரண்டாவது கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கிறது. 1989இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ தர்மராஜைக் கண்டு வியந்தவர்கள் 1968இல் வைத்தியைச் சரியாகப் பார்க்கவில்லை. நாகேஷுக்குள் இருந்த வில்லன் இருபது ஆண்டுகளாக நம் கண்ணெதிரே நடமாடிக்கொண்டுதான் இருந்தான்.

திண்ணைவாசி எழுதியது:

நால்வருக்கும் நன்றி, நேர்ப்பேச்சு அவர்களுக்குச் சிறப்பாக நன்றி, ஏனெனில் வைத்தியை நான் அந்தக் கோணத்தில் நினைத்துப் பார்க்கவில்லை. ஒப்பனை அறை அவர்களிடம் ஒரு துணைக்கேள்வி. எதிரில் ஆள் இருந்தால்தான் நாகேஷ் முழுமையாக எரிகிறார் என்று சொன்னீர்கள். அப்படியானால் ‘மகளிர் மட்டும்’ படத்தில் அவர் பிணமாக வருவதை எப்படிப் புரிந்துகொள்வது? அங்கே அவர் யாரையும் பார்ப்பதில்லை, எதற்கும் எதிர்வினை காட்டுவதும் இல்லையே.

ஒப்பனை அறை எழுதியது:

நல்ல கேள்வி. அந்த வேடம் என் கருத்துக்கு எதிரானது போலத் தோன்றினாலும் உண்மையில் அதன் மறுபக்கம்தான். ஊர்வசி, ரேவதி, ரோகிணி மூவரும் வேறொருவருடைய உடல் என்று நினைத்து அந்தப் பிணத்தை மருத்துவமனையிலிருந்து கடத்திக்கொண்டு திண்டாடுகிறார்கள். பேச்சும் பதற்றமும் முழுக்க அவர்களுடையவை. நாகேஷ் செய்வது என்னவென்றால், பிடித்த பிடியில் நில்லாமல் ஒவ்வொரு முறையும் மற்றவர் எதிர்பாராத பக்கமாகச் சரிவது. உயிருள்ள உடல் விழும்போது தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பார்க்கும். கழுத்து விறைக்கும், கை முன்னால் நீளும். அந்த இயல்பை முற்றிலும் அடக்கிவிட்டு, தூக்குகிறவர் கையின் விசைக்கு மட்டும் உடலை ஒப்புக்கொடுப்பது மேடையில் முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் எவ்வளவு கடினம் என்று. பேய்க்கதைக் காட்சியில் பாலையாவுக்கு விட்டுக்கொடுத்ததை இங்கே மூன்று நடிகைகளுக்கும் மொத்தமாக விட்டுக்கொடுத்திருக்கிறார்.

அதே 1994இல் ‘நம்மவர்’ வந்தது. அதில் பிரபாகர் ராவ் என்ற பேராசிரியராக, மகளைப் பறிகொடுத்துவிட்டு அவர் பேசும் காட்சி இருக்கிறது. அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பும், சிரித்து முடிக்கும் முன்பே அழுகையுமாக, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வெளியேறுகின்றன. அங்கேயும் அவர் அந்த மகளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார்; சொக்கனிடம் பேசியதைப் போலவே பதில் வராத பேச்சு. சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பத்ம விருதுகளில் ஒன்றுகூட அவருக்கு வழங்கப்படவில்லை என்ற மனக்குறை அவருடைய ரசிகர்களுக்கு உண்டு, எனக்கும் உண்டு. 2008இல் வெளியான ‘தசாவதாரம்’ வரை நடித்துவிட்டு, 2009 ஜனவரி 31 அன்று அவர் சென்னையில் காலமானார்.

பழைய கொட்டகை அவர்கள் எழுதிய நாடகப் பின்னணியை ஏற்றுக்கொண்டு ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். திண்ணைவாசி இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் ‘நீர்க்குமிழி’யை ‘நம்மவர்’ படத்துக்கு அடுத்ததாகப் பாருங்கள். மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் கதை அது. தனக்குப் புற்றுநோய் என்பது தெரியாமல், மற்ற நோயாளிகளை வம்புக்கு இழுத்துக்கொண்டும் மருத்துவர்களைச் சீண்டிக்கொண்டும் திரியும் சேதுவாக வரும்போது நாகேஷுக்கு வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. நோய் தெரிந்தவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்க முயல்வதும், அவர்கள் சிரிப்பில் ஏதோ சரியில்லை என்று அவன் ஒரு கணம் நிதானிப்பதுமாகப் போகும் இடங்களைக் குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள், தொடர்ந்து பேசலாம்.